வயிரத்தின் உடன்பிறப்பு

ஒரு தாய் வயிற்றில் பிறந்த மக்கள் இருவர் உருவாலும் இயல்பாலும் முற்றும் மாறுபட்டிருத்தலை நாம் உலகிற் காண்கிறோம். கனிப்பொருள்களுள்ளும் அத்தகைய உடன்பிறப்புகள் இரண்டு உள. செட்டிநாட்டில் மணவினை நிகழும் இல்லம் ஒன்றிற்குச் செல்வோமாயின், அங்கு முதிய பெண்டிர் செவியில் வயிரத்தோடு ஒளிவீசக் காண்போம். அவருள் ஒருவர் அருகே அமர்ந்து, அவருடைய பெயரன் பென்சிலால் தாளில் ஏதேனும் எழுதிக்கொண்டிருப்பான். ‘அப்பத்தா, உங்கள் தோட்டில் மின்னும் கல்லும், இத்தாளில் கறுப்பாகப் படியும் துகளும் ஒரே பொருள்தாம்’ என்று அச்சிறுவன் கூறினால், அவ்வம்மையார் நகைப்பார். ஆயினும் அவன் கூறியது உண்மையே. இரண்டும் கரி என்னும் ஒரே தனிமத்தின் இரு வேறு வடிவங்கள். ஒன்று வயிரம், மற்றொன்று கிராபைட்டு. பென்சிற்கரி என்று நாம் வழங்குவது இக்கிராபைட்டையே.

வயிரத்தின் பெருமையை யாவரும் அறிவர். மதுரை மாநகரின் மணிக்கடை வீதியைச் சிலப்பதிகாரம் கூறுமிடத்து, வயிரத்தின் குற்றங்களையும் நிறங்களையும் விரித்துரைக்கின்றது. பென்சிற்கரிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அது மணிகளுள் ஒன்றாக எண்ணப்படுவதன்று. அணியாக அணியப்படுவதும் அன்று. எனினும், தமிழ்நாட்டில் அது குறிப்பிடத்தக்க அளவிற் கிடைக்கும் இடம் நம் சிவகங்கை மாவட்டமே. இன்று உலக நாடுகள் பலவும் நாடித் தேடும் பொருள்களுள் அதுவும் ஒன்று. அதன் பெயர் வரலாறு, பண்பு, பயன், கிடைக்குமிடம் ஆகியவற்றை இப்பாடத்தில் முறையே அறிவோம்.

பிழைபட்ட பெயர்

பென்சிலின் நடுவே உள்ள கருங்கோலைக் காரீயம் என்று இன்றும் பலர் கூறுவர். கருமை, ஈயம் என்னும் இரு சொற்கள் புணர்ந்து அமைந்தது காரீயம் என்னும் சொல். அது வெள்ளீயத்தினின்றும் வேறான ஓர் உலோகத்தின் பெயர். ஆனால், பென்சிலின் உள்ளே ஈயத்தின் துகள் ஒன்றேனும் இல்லை. பின்னர், இப்பெயர் எவ்வாறு வந்தது?

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கில், கறுத்து மின்னும் ஒரு பொருள் கட்டி கட்டியாகக் கிடைத்தது. இடையர்கள் அதனைக்கொண்டு தம் ஆடுகளின்மீது அடையாளமிட்டனர் என்பர். ஈயத்தைத் தாளில் தேய்த்தால் கோடு விழும். இப்பொருள் அதனினும் தெளிவாகக் கோடிட்டது. ஆகவே, அதனையும் ஈயத்தின் ஒரு வகை என்றே மக்கள் கருதி, ‘கறுப்பு ஈயம்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே பல மொழிகளிலும் பரவிற்று.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இப்பிழை நிலவியது. 1779ஆம் ஆண்டில் ஷீலே என்னும் வேதியியல் அறிஞர் இப்பொருளை ஆராய்ந்து, இஃது ஈயம் அன்று, கரியின் ஒரு வகையே என்று நிறுவினார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1789இல், வெர்னர் என்னும் செருமானியக் கனிப்பொருள் அறிஞர் இதற்குக் ‘கிராபைட்டு’ எனப் பெயர் சூட்டினார். எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். பின்னர் 1797இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்பார் வயிரத்தையே எரித்துப் பார்த்தார். வயிரத்தை எரித்தபோது தோன்றிய கரியமில வாயுவும், அதே எடையுள்ள மரக்கரியை எரித்தபோது தோன்றிய கரியமில வாயுவும் அளவில் ஒத்திருக்கக் கண்டார். இங்ஙனம், விலைமதிப்பற்ற வயிரமும் கரியே என்பது ஐயமின்றி விளங்கிற்று. கண்ணாற் கண்ட நிறத்தைக்கொண்டு இட்ட பெயர் பிழைபட்டது. ஆராய்ந்து கண்ட அறிவு அப்பிழையை நீக்கியது.

எழுதும் பொருளாகக் கரியைக் கொள்ளுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். ஓலையில் கீறிய எழுத்துக்குத் தனி நிறம் இன்மையின் அது கண்ணுக்கு எளிதிற் புலனாகாது. ஆகவே, இலைச்சாற்றோடு கரியைக் குழைத்து ஏட்டின்மீது தடவுவர். கீறல்களில் கரி தங்க, எழுத்துகள் தெளிவாகத் தோன்றும். இதனை மையாடல் என்று வழங்கினர். எழுத்தாணி பென்சிலாயிற்று; ஓலை தாளாயிற்று; ஆயினும் எழுத்தை விளக்கும் கரி மாறவில்லை.

பண்பும் அமைப்பும்

கிராபைட்டு கருமையும் சாம்பல் நிறமும் கலந்து உலோகம்போல மின்னும். தொட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுப்பாக இருக்கும், விரலில் ஒட்டும். கனிப்பொருள்களின் கடினத்தை அளப்பதற்கு மோஸ் என்னும் அறிஞர் 1812இல் ஒன்று முதல் பத்து வரை அமைந்த ஓர் அளவையை வகுத்தார். அவ்வளவையில் வயிரத்தின் கடினம் பத்து. கிராபைட்டின் கடினம் ஒன்றிற்கும் இரண்டிற்கும் இடைப்பட்டது. வயிரம் நீரைப்போல் மூன்றரை மடங்கு எடையுள்ளது. கிராபைட்டு இரண்டேகால் மடங்கிற்கும் சிறிது குறைவாகவோ ஒப்பவோ எடையுள்ளது. வயிரம் ஒளியை உள்ளே விடும், கிராபைட்டு விடாது. வயிரத்தின் வழியே மின்சாரம் பாயாது. கிராபைட்டின் வழியே நன்கு பாயும்.

ஒரே தனிமத்திற்கு இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? அணுக்கள் அடுக்கப்பெற்றுள்ள முறையே இதற்குக் காரணம். வயிரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு நாற்புறமும் இறுகப் பிணைந்துள்ளது. எத்திசையிலிருந்து தாக்கினும் அப்பிணைப்பு எளிதில் நெகிழ்வதில்லை. கிராபைட்டிலோ, ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு மட்டுமே பிணைந்து, தேனடையின் அறைகள்போல அறுகோணங்களாகப் பரந்த மெல்லிய ஏடாக அமைகிறது. இத்தகைய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பைப் பெர்னால் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு 1924இல் தெளிவுபடுத்தினார்.

கயிறு கோக்கப்பெறாத ஓர் ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வோர் ஏடும் தன்னளவில் உறுதியானது. ஆனால், ஏட்டோடு ஏட்டைப் பிணைக்கும் கயிறு இல்லாமையால், சிறிது தள்ளினால் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்லும். கிராபைட்டின் நிலையும் இதுவே. பென்சிலைத் தாளில் தேய்க்கும்போது ஏடுகள் சறுக்கிப் பிரிந்து தாளில் தங்குகின்றன. அதுவே நாம் காணும் எழுத்து. அந்த ஏடுகளோ மிகமிக மெல்லியன. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கிராபைட்டில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஏடுகள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒற்றை ஏட்டைத் தனியே பிரித்தெடுக்க இயலுமா என அறிஞர் நெடுநாள் எண்ணினர். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கெய்ம், நோவோசெலோவ் என்னும் இருவர், ஒட்டு நாடாவைக் கிராபைட்டில் ஒட்டியும் உரித்தும் அதனைச் செய்து, 2004இல் வெளியிட்டனர். அவ்வொற்றை ஏட்டிற்குக் கிராபீன் என்பது பெயர். அதனைப் பற்றிய ஆய்வுக்காக அவர்களுக்கு 2010இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

கரியணு ஒவ்வொன்றும் நான்கு பிணைப்புகளுக்கு இடனுடையது. கிராபைட்டில் மூன்றே பிணைப்புக்குப் பயன்படுதலின், எஞ்சிய ஒரு மின்னணு ஏட்டின் வழியே உலவ இயலும். ஆதலால் கிராபைட்டு மின்சாரத்தைக் கடத்துகின்றது. இதனை நீங்களே கண்டறியலாம். ஒரு பென்சிலின் இருமுனைகளையும் சீவி, அதனைக் கைவிளக்கின் மின்கலத்தோடும் சிறு விளக்கோடும் கம்பியால் இணையுங்கள். விளக்கு மங்கலாகவேனும் எரியும். மரக்குச்சி ஒன்றை அவ்விடத்தில் வைத்தால் எரியாது.

பயன்கள்

தூய கிராபைட்டுக் கட்டியை அறுத்து முதலில் பென்சில் செய்தனர். அத்தகைய கட்டி எங்கும் கிடைப்பதன்று. 1795இல் கான்டே என்னும் பிரெஞ்சுக்காரர், கிராபைட்டுப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, கோலாக்கிச் சுடும் முறையைக் கண்டார். களிமண் மிகுந்தால் கோல் கடினமாகும். கிராபைட்டு மிகுந்தால் மென்மையும் கருமையும் பெறும். இன்றும் பென்சில்கள் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

பென்சில் என்பது இதன் பயன்களுள் சிறியதே. காற்றுப் புகாத இடத்தில் கிராபைட்டு ஏறத்தாழ 3,600 செல்சியசு வெப்பம் வரை தாங்கும். பொன் 1,064 செல்சியசிலும், இரும்பு 1,538 செல்சியசிலும் உருகுவன. ஆகவே, உலோகங்களை உருக்குவோர் தம் மூசையைக் களிமண்ணும் கிராபைட்டும் கலந்து செய்கின்றனர். பொற்கொல்லர் பட்டறையிலும் பேராலைகளிலும் இம்மூசைகளைக் காணலாம். எண்ணெய் இடத்தகாத பொறிகளுக்குக் கிராபைட்டுப் பொடி மசகாக உதவும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பழைய பூட்டுகள் இறுகிக்கொண்டால், எண்ணெய் இட்டவிடத்துத் தூசி சேரும். சிறிது பென்சிற்பொடி தூவினால் சாவி எளிதிற் சுழலும். உலர் மின்கலத்தின் நடுக்கோல், எஃகு உருக்கும் மின்னுலையின் மின்வாய் ஆகியனவும் கரியின் இவ்வடிவத்தால் ஆனவையே. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பெர்மி என்னும் அறிஞர் சிகாகோ நகரில் முதல் அணு உலையை இயக்கியபோது, அவ்வுலை கிராபைட்டுக் கட்டிகளை அடுக்கியே கட்டப்பட்டிருந்தது.

கிடைக்கும் இடங்கள்

கிராபைட்டு நிலத்தினுள் இருவகையாகச் சிறந்து காணப்படும். பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடிக் கட்டியாகக் கிடைப்பது ஒரு வகை. பாறையினுள்ளே சிறு செதில்களாக விரவிக் கிடைப்பது மற்றொரு வகை. முதல் வகையை வாணிகத்திற்குப் போதிய அளவில் தருவது இலங்கை நாடு. அங்குள்ள போகல, ககட்டகக என்னும் சுரங்கங்கள் பெயர்பெற்றவை. நகரத்தார் பெருமக்கள் கடல் கடந்து சென்று கொடுக்கல் வாங்கல் நடத்திய அந்நாட்டில், தேயிலையையும் தெங்கையும்போலக் கிராபைட்டும் ஏற்றுமதிப் பொருளாக விளங்கிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக மேனாடுகள் அதனைப் பெரிதும் வேண்டின.

இரண்டாம் வகையாகிய செதிற் கிராபைட்டு நம் சிவகங்கையில் உளது. இலங்கையும் நம் தென்னாடும் இந்நாளில் கடலாற் பிரிந்துள்ளன. தொல்பழங்காலத்திலோ, கொண்டுவானா என்னும் பெருநிலப்பரப்பில் அவை அடுத்தடுத்து இருந்தன. பண்டைக் கடலடியில் வண்டலோடு படிந்த உயிர்ப்பொருள்களின் கரி, நிலத்தின் ஆழத்திற் புதையுண்டு, பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கிராபைட்டாக மாறியது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருமாற்றத்தின் அடையாளங்கள் மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பாறைகளிற் காணப்படுகின்றன. காரைக்குடிப் பக்கத்தில் நாம் காண்பன செம்புறாங்கல்லும் செம்மண்ணுமே. சிவகங்கை நகரை அடுத்துள்ள கடும்பாறை நிலத்திலேதான் கிராபைட்டுச் செதில்கள் உள. புதுப்பட்டி, செந்தி உடையநாதபுரம் முதலிய ஊர்களின் எல்லையில் இவை காணப்பெற்றன. 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்குக் கனிக்கல்லை அகழ்ந்து, அதனைத் தூய்மை செய்யும் ஆலை ஒன்றையும் அமைத்தது.

கல்லும் கரியும் பிரிதல்

சிவகங்கைக் கனிக்கல்லில் நூற்றுக்குச் சராசரியாகப் பதினான்கு பங்கே கரி. எஞ்சிய எண்பத்தாறு பங்கும் வெறுங்கல். நூறு மூட்டைக் கல்லைச் சுமந்து சென்று விற்பவன், எண்பத்தாறு மூட்டை பயனற்ற சுமையையும் உடன் சுமக்கின்றான். கல்லையும் கரியையும் பிரிக்க அறிந்தவனுக்கே முழுப்பயன் கிட்டும். இதற்கு நுரை மிதப்பு முறை என்று பெயர்.

முதலில் கனிக்கல்லை நொறுக்கி அரைப்பர். மிகுதியாக அரைத்தால் செதில்கள் சிதைந்து விலை குறையும்; குறைவாக அரைத்தால் கல் பிரியாது. ஆகவே, அளவறிந்து அரைத்தல் வேண்டும். அரைத்த பொடியை நீரிற் கலந்து, சிறிதளவு எண்ணெய் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுவர். நீர் கற்பொடியை நனைக்கும், கிராபைட்டை நனைக்காது. நனையாத கிராபைட்டுச் செதில்கள் காற்றுக் குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலே எழுந்து நுரையோடு மிதக்கும். கற்பொடி அடியில் தங்கும். நம் இல்லங்களில் பெண்டிர் சுளகிற் புடைக்கும்போது பதர் பறக்க மணி தங்கும். இங்கோ, வேண்டுவது மிதக்க வேண்டாதது தாழ்கின்றது. நுரையை வழித்து, மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்தால், நூற்றுக்குப் பதினான்கு பங்காக இருந்த கரி தொண்ணூற்றாறு பங்கு வரை உயரும். சிவகங்கை ஆலையும் இவ்வளவு தூய்மையைக் கருதியே அமைக்கப்பெற்றது.

இன்றைய தேவை

தொண்ணூற்றாறு பங்கு தூய்மை மூசைக்கும் மசகுக்கும் போதும். ஆனால், இக்காலத்தில் கிராபைட்டுக்குப் புதிய தேவை ஒன்று தோன்றியுள்ளது. நாம் கையிற் கொண்டு திரியும் தொலைபேசியும், மின்சாரத்தால் ஓடும் ஊர்திகளும் லித்தியம் மின்கலத்தால் இயங்குகின்றன. அக்கலத்தின் இரு மின்வாய்களுள் ஒன்று பெரும்பாலும் கிராபைட்டால் ஆனது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் கிராபைட்டின் ஏடுகளுக்கிடையே சென்று தங்குகிறது, பயன்படுத்தும்போது வெளியேறுகிறது. ஏட்டிடையே மயிலிறகை மறைத்து வைத்து, வேண்டும்போது எடுக்கும் சிறுவனைப் போன்றது இச்செயல். இக்கலத்தை உருவாக்கிய பணிக்காக மூவர்க்கு 2019இல் வேதியியலுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. மின்னூர்தி ஒன்றின் கலத்தொகுதிக்குப் பல பத்துக் கிலோகிராம் கிராபைட்டு வேண்டும். ஆகவே, 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு நாட்டிற்கு இன்றியமையாதன என வகுத்த 30 கனிப்பொருள்களுள் கிராபைட்டும் இடம்பெற்றது.

ஆனால், மின்கலத்திற்கு வேண்டும் தூய்மை தொண்ணூற்றாறு அன்று, 99.95. பதினான்கிலிருந்து தொண்ணூற்றாறுக்கு வந்தது பெரிய தொலைவாகவும், அங்கிருந்து 99.95 என்பது சிறிய தொலைவாகவும் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. முன்னதற்கு அரைத்தலும் மிதத்தலும் போதும். பின்னதற்கு நுண்ணிய வேதியியல் அறிவும், செதில்களை உருண்டை வடிவாக்கும் தொழிற்றிறனும் வேண்டும். இக்கடைசி நான்கு பங்கைக் கடப்பவரே பெரும்பயன் எய்துவர். கடவாதவர் தம் கல்லைக் குறைந்த விலைக்கு விற்று, அதிலிருந்து செய்த மின்கலத்தை மிகுந்த விலைக்கு வாங்குவர்.

இவ்வறிவைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோட்டையூரிற் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் அறிவியல் நிலையம் ஒன்று அமைதற்பொருட்டு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளையொட்டி, டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்கலங்கள் பற்றிய ஆராய்ச்சி அங்கு நடைபெற்று வருகின்றது. கரி கிடைக்கும் சிவகங்கையும், கரியின் மின்னியல்பை ஆராயும் காரைக்குடியும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருத்தல் நம் நற்பேறு. அவ்வள்ளல் நிலத்தை ஈந்தபோது லித்தியம் மின்கலம் பிறக்கவேயில்லை. எனினும், கல்விக்கு இட்ட வித்து என்றேனும் முளைக்கும் என்று அவர் நம்பினார்.

ஒன்றை நாம் மறத்தலாகாது. நெல்லை அறுத்தால் மறு ஆண்டு விளையும். கனியைத் தோண்டினால் மீண்டும் விளையாது. 55 கோடி ஆண்டுகளாக நிலம் காத்த பொருள் ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடக்கூடும். தோண்டிய பள்ளங்களைத் திருத்தாது விடுவோமாயின், மழைநீரை நம்பி வாழும் நம் வறண்ட நாட்டில் கண்மாய்க்குச் செல்லும் நீர் வழி தவறும். ஆகவே, அளவறிந்து அகழ்தலும், அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்தலும், அகழ்ந்த பொருளை முழுப்பயன் கொள்ளும்வரை பண்படுத்துதலும் ஒருங்கே வேண்டப்படுவன.

மாணவர்களே! பென்சிற்கரி இருநூறு ஆண்டுகள் பிறிதொரு பொருளின் பெயரைச் சுமந்து நின்றது. அதன் உண்மையை விளக்கியது ஆராய்ச்சி. நூற்றுக்குப் பதினான்காகக் கல்லிற் கலந்து கிடந்த அதனைப் பிரித்தெடுத்ததும் ஆராய்ச்சியே. இனி எஞ்சியுள்ள நான்கு பங்கு உங்கள் தலைமுறையின் பணி. அடுத்த முறை பென்சிலைச் சீவும்போது, தாளில் உதிரும் அக்கருந்துகளைச் சற்று நோக்குங்கள். வயிரத்தின் உடன்பிறப்பு உங்கள் கையில் உளது.